காஸ் ட்ரையர் திருத்தப் போகிறவர்களுக்கு

"முதல் தடவை போட்ட உடுப்பு நல்லாய்க் காயுது தம்பி. ரெண்டாவது தடவை போட்டால் ஈரமாய்த்தான் வருது. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் திரும்பவும் காயுது."

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ வீட்டுச் சாதனங்கள் திருத்தும் வேலைக்கு நீங்கள் வந்திருந்தால், முதல் ஆறு மாதத்துக்குள் இந்தப் பேச்சைத் தொலைபேசியில் கேட்பீர்கள். இதிலேயே பழுதின் பெயரும் இருக்கிறது. காஸ் வால்வின் மேல் உட்கார்ந்திருக்கும் மின்கொயில்கள் சூடேறியதும் பலம் இழக்கின்றன. வால்வு திறப்பதில்லை. புதிதாக வருபவர் இதைக் கவனியாமல் இக்னைற்றரை மாற்றுவார், பிறகு சென்சரை மாற்றுவார். வாடிக்கையாளரின் காசும் போகும், உங்கள் பெயரும் போகும்.

அதனால் பாகங்களின் விலைப்பட்டியலைப் படிக்க முன்னர் தீ எப்படிப் பற்றுகிறது என்பதைப் படியுங்கள். காஸ் ட்ரையருக்கு 240 வோல்ட் தேவையில்லை. சாதாரண 120 வோல்ட் பிளக்கும் பின்னால் ஒரு காஸ் குழாயும் போதும். ஒரே மோட்டர்தான் பெல்ற் மூலம் டிரம்மையும் சுழற்றி, காற்றை இழுக்கும் விசிறியையும் ஓட்டுகிறது. சூடு கேட்கப்பட்டதும் மின்சாரம் இக்னைற்றருக்குப் போகிறது. அது அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்குள் செக்கச்சிவந்து ஒளிரும். பக்கத்தில் இருக்கும் சுடர்ச் சென்சர் அந்த வெப்பத்தை உணர்ந்து தன் தொடுமுனையைத் திறக்கும். அப்போதுதான் இரண்டாவது கொயிலுக்கு மின்சாரம் கிடைத்து வால்வு முழுதாகத் திறக்கிறது. காஸ் வந்து நீலச் சுடராகப் பற்றுகிறது. இந்த ஒழுங்கு மனதில் பதிந்துவிட்டால், கீழ்ப் பலகையைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், இயந்திரம் தானே தன் குறையைச் சொல்லும்.

இக்னைற்றர் ஒளிரவே இல்லையா? அது வெடித்திருக்கலாம், அல்லது தேர்மல் பியூஸ் போயிருக்கலாம், சென்சர் அறுந்திருக்கலாம். மீற்றரை எடுங்கள். நல்ல இக்னைற்றர் பொதுவாக 50 முதல் 400 ஓம் வரை காட்டும். ஒளிர்கிறது, ஆனால் அணையாமல் ஒளிர்ந்துகொண்டே இருக்கிறதா? சென்சரின் தொடுமுனை ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கிறது. ஒளிர்ந்து, அணைந்து, சுடர் வராமல் போய், சிறிது நேரத்தில் மீண்டும் ஒளிர்கிறதா? சுவரில் உள்ள காஸ் வால்வு மூடியிருக்கவில்லை என்று உறுதிசெய்த பின், கொயில்களைச் சந்தேகியுங்கள். இங்கே மீற்றர் உங்களை ஏமாற்றும். குளிர்ந்த கொயில் சரியான ஓம் எண்ணையே காட்டும், சூடான பிறகுதான் கைவிடும். கண்ணால் பார்த்ததை நம்பிக் கொயில்களைச் சோடியாக மாற்றிவிடுங்கள். விலை அதிகமில்லை, வேலையும் கால் மணி நேரம்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம். பெரும்பாலான ட்ரையர்களுக்குள் தயாரித்தவரே மின்சுற்றுப் படத்தையும் ஓம் அளவுகளையும் அச்சிட்ட ஒரு தாளை மடித்து வைத்திருப்பார். மேல் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளோ கீழ்ப் பலகைக்குப் பின்னாலோ இருக்கும். அதைத் தேடி எடுத்து வாசியுங்கள், முடிந்ததும் அதே இடத்தில் திரும்ப வையுங்கள். அடுத்து வரப்போகிற தொழிலாளிக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அது.

இனிக் காற்று. நான் இந்தத் தொழிலில் மிகவும் வற்புறுத்த விரும்புவது இதைத்தான். வேலைக்கு வந்த முதல் வருடம் ஒரு வீட்டில் தேர்மல் பியூஸ் போயிருந்தது. மாற்றினேன், ஓடியது, காசு வாங்கினேன். இரண்டு கிழமையில் அதே வீட்டிலிருந்து அழைப்பு, அதே பியூஸ். அந்த முறைதான் ட்ரையரைச் சுவரிலிருந்து இழுத்து வென்ற் குழாயைக் கழற்றினேன். கைமுட்டி அளவுக்குப் பஞ்சுத்தூசி இறுகிப்போய்க் கிடந்தது. வெளிச்சுவரில் உள்ள மூடி எப்போது கடைசியாகத் திறந்தது என்றே தெரியாது. பல மாடல்களில் அந்தப் பியூஸ் ஏறக்குறைய 90 பாகை செல்சியஸில் அறுந்துபோக வைத்திருக்கிறார்கள். அறுந்தது அதன் கடமை. காரணத்தை விட்டுவிட்டுக் காவல்காரனை மாற்றியது என் தவறு. அந்த இரண்டு கிழமையும் அவர்கள் பிள்ளைகளோடு அந்த வீட்டில் படுத்திருந்தார்கள் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் வெளியிட்ட கணக்கின்படி 2008 முதல் 2010 வரையான காலத்தில் அந்த நாட்டில் ஆண்டுக்கு 2,900 வீட்டு ட்ரையர் தீ விபத்துகள் பதிவாகின. அவற்றுக்கு முதற் காரணம் சுத்தம் செய்யாமை. 34 வீதம். ஆகவே எந்த அழைப்புக்குப் போனாலும், ட்ரையரைத் திறப்பதற்கு முன் வெளியே போய் மூடியைப் பாருங்கள். இயந்திரம் ஓடும்போது அது நன்றாகத் தூக்கி நிற்க வேண்டும். பனிக்காலத்தில் சில வீடுகளில் அது உறைந்து ஒட்டியிருக்கும். அங்கே கம்பி வலை போட்டிருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள், பஞ்சு அதில்தான் அடைக்கும். குழாய் 4 அங்குல விட்டமுள்ள வழுவழுப்பான உலோகமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயைக் கண்டால் விடாதீர்கள். நீளமும் முக்கியம். அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதி பொதுவாக 35 அடி வரை அனுமதித்து, ஒவ்வொரு 90 பாகை வளைவுக்கும் 5 அடியைக் கழிக்கச் சொல்கிறது. பேஸ்மென்ற்றில் ட்ரையரை வைத்து நாலைந்து வளைவுகளோடு வீட்டின் மறுபக்கத்துக்குக் குழாயைக் கொண்டுபோன இடங்களில் உடுப்புக் காயாததற்கு இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது.

காஸ் ட்ரையரில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. எரிந்த வாயுவும் அதே குழாயால்தான் வெளியேறுகிறது. குழாய் கழன்றிருந்தால் கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் நிற்கும். சூட்டை வீட்டுக்குள்ளே திருப்பிவிடும் பெட்டிகளைச் சிலர் மின் ட்ரையரில் பூட்டுவார்கள். காஸ் ட்ரையரில் அதற்கு எந்த நிலையிலும் இடமில்லை. சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக ஆடினாலும் அப்படியே விட்டுவரக் கூடாது. புரொப்பேன் காஸ் உள்ள வீட்டில் இயற்கை எரிவாயு முனையோடு ட்ரையரைப் பூட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

மற்றவை சுலபம். கிறீச்சென்ற சத்தம் பெல்ற்றை இறுக்கும் சில்லிலிருந்து வரும். தடதடவென்ற சத்தம் டிரம்மைத் தாங்கும் ரோலர்கள் தேய்ந்ததால் வரும். மோட்டர் ஓடியும் டிரம் சுற்றாவிட்டால் பெல்ற் அறுந்துவிட்டது. நேரம் வைத்து ஓட்டினால் காய்கிறது, தானியங்கி முறையில் ஈரத்தோடே நிற்கிறது என்றால், டிரம்முக்குள் தெரியும் இரண்டு உலோகப் பட்டிகளைத் தேய்ப்பு ஆல்ககோலால் துடையுங்கள். வாசனைத் தாள்களின் மெழுகு படிந்திருக்கும். அதே மெழுகு பஞ்சு வடிவலையிலும் படியும். வலையில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், நின்றால் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். இதை வீட்டுக்காரருக்கும் செய்துகாட்டுங்கள்.

உரிமம் பற்றியும் தெளிவாக இருங்கள். ஒன்ராறியோவில் காஸ் சாதனத்தைப் பூட்டவும் திருத்தவும் டிஎஸ்எஸ்ஏ அமைப்பின் சான்றிதழ் வேண்டும். நம்மவர்கள் பலர் ஜி3 இல் தொடங்குகிறார்கள். அது மேற்பார்வையின் கீழ் வேலை செய்யும் நிலை. ஜி2 எடுத்தவர் மணிக்கு 400,000 பிரியூ வரையான சாதனங்களைத் தனியே கையாளலாம். வீட்டு ட்ரையர் 20,000 முதல் 22,000 வரைதான். "சின்ன வேலைதானே அண்ணை, செய்துவிட்டுப் போங்கோ" என்று கெஞ்சுவார்கள். சான்றிதழ் இல்லாமல் தொடாதீர்கள். ஏதாவது நடந்தால் காப்புறுதியும் நிற்காது, மனச்சாட்சியும் விடாது. சான்றிதழ் கிடைத்த பிறகும் காஸ் இணைப்பை மீண்டும் பூட்டும் ஒவ்வொரு முறையும் சவர்க்கார நீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ட்ரையரை மாற்றும்போது பழைய வளைகுழாயைத் திரும்பப் பாவிக்க வேண்டாம்.

காஸ் மணக்கிறது என்று யாராவது அழைத்தால் நேரம் குறிக்கத் தொடங்காதீர்கள். எந்தச் சுவிட்சையும் தொடாமல் எல்லாரும் வெளியே போகட்டும், வெளியே நின்றபடி 911 ஐ அல்லது காஸ் கம்பனியின் அவசர எண்ணை அழைக்கட்டும். அதைச் சொல்லி முடித்த பிறகு நீங்கள் வண்டியை எடுங்கள்.