கணக்கு நோட்டில் விடை மட்டும் போதாது

சித்தூர், நகரி, புத்தூர், திருப்பதிப் பக்கம் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பலர் பள்ளியில் கணக்கைத் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ படிக்கிறார்கள். நோட்டு எழுதும் பழக்கம் சரியாக அமைந்தால் பாதி பயம் போய்விடும். பெற்றோருக்குச் சில குறிப்புகள்:

1. நோட்டின் கடைசிப் பக்கங்களில் தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் என மூன்று பத்தியாகக் கோடு போட்டு, புதுச் சொல் வரும்போதெல்லாம் எழுதச் சொல்லுங்கள். முக்கோணம் – த்ரிபுஜம் – ட்ரையாங்கிள். பரப்பளவு – வைசால்யம் – ஏரியா. சுற்றளவு – சுட்டுகொலத – பெரிமீட்டர். தமிழ் மட்டும் தெரிந்த அம்மாவும் இதைப் பார்த்து வீட்டுப்பாடத்துக்கு உதவலாம்.

2. பக்கத்தின் மேலே தேதி, பாடத்தின் பெயர், பயிற்சி எண் மூன்றும் இருக்க வேண்டும்.

3. பக்கத்தின் வலப்புறம் மூன்று விரல் அகலம் இடம் விடட்டும். இடப்புறம் கணக்கு, வலப்புறம் அதற்கான காரணம். திருப்பதியிலிருந்து சித்தூர் சுமார் 70 கி.மீ.; பஸ் 2 மணி நேரத்தில் போனால் வேகம் என்ன? 70 ÷ 2 = 35 என்று எழுதிவிட்டுப் பிள்ளைகள் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். “தூரத்தை நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேரத்தில் போகும் தூரம் வரும்” என்று சொந்த வார்த்தையில் பக்கத்தில் எழுதினால்தான் பரீட்சை நேரத்தில் புரட்டும்போது புரியும்.

கணித மேதை ராமானுஜன் காகிதத்துக்கு வசதியில்லாமல் சிலேட்டில் போட்டுப் பார்த்து, பெரும்பாலும் முடிவுகளை மட்டுமே நோட்டில் எழுதி வைத்தார். அவற்றுக்கு நிரூபணம் தந்து விளக்கும், கணித அறிஞர் புரூஸ் பெர்ண்ட்டின் ஐந்து தொகுதிகள் 1985இல் தொடங்கி 1998இல்தான் முடிந்தன. நம் பிள்ளைகளுக்குக் காகிதத் தட்டுப்பாடு இல்லை. ஒரு படி கூட விடாமல் எழுதட்டும்.

4. தப்பான விடையை ரப்பரால் அழிக்க விடாதீர்கள். ஒரே கோடாக அடித்துவிட்டு, கீழே சரியாகப் போடட்டும். கழித்தல் குறியை விட்டோமா, மீதியை மறந்தோமா என்று இரண்டு வார்த்தை எழுதினால் போதும். பரீட்சைக்கு முந்தைய நாள் முதலில் பார்க்க வேண்டியவை இந்த இடங்கள்தான். நோட்டு அழகாக இருக்க வேண்டும் என்று கண்டிப்பதை விடுங்கள்.

5. சின்ன வகுப்புக்குக் கட்டம் போட்ட நோட்டே நல்லது. ஒன்று, பத்து, நூறு இடம் மாறாது.

6. போர்டில் இருப்பதை அப்படியே காப்பி செய்வது குறிப்பு ஆகாது. டீச்சர் வாயால் சொல்லும் “இங்கேதான் எல்லாரும் தப்பு பண்ணுவீங்க” என்பதையும் எழுதப் பழக்குங்கள். சாயங்காலம் நோட்டைப் பார்த்து ஒரு கணக்கை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். திக்கும் இடத்தில் கேள்விக்குறி போட்டு, மறுநாள் டீச்சரிடம் கேட்டு வரட்டும்.

7. வருஷ முடிவில் கணக்கு நோட்டை மட்டும் பழைய பேப்பர் கடையில் போடாதீர்கள். பத்தாம் வகுப்புக் கணக்குக்கு எட்டாம் வகுப்பு இயற்கணிதம் வேண்டும். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.