எஞ்சினைக் கழுவாதீர்கள், துடையுங்கள்

பானெட்டுக்குள் படியும் தூசியை அகற்றப் பலரும் முதலில் தேடுவது பிரஷர் வாஷரைத்தான். உண்மையில் பிரஷும் ஈரத்துணியும் போதும். மழையில் ஓடாத காரா, தண்ணீர் பட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். மழைநீர் தெறித்து வழிந்து போகும். பீய்ச்சி அடிக்கும் நீரோ வயர் கனெக்டர்களின் ரப்பர் சீலைத் தாண்டி உள்ளே புகுந்துவிடும். ஸ்பார்க் பிளக் குழியில் நீர் தேங்கினால் எஞ்சின் திணறும். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸுக்குள் போனால் செலவு வேறு. சர்வீஸ் சென்டரில் அடிக்கிறார்களே என்றால், அங்கே எதை மூட வேண்டும் என்று தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், உலர்த்தக் கம்ப்ரஸர் காற்றும் இருக்கிறது.

வண்டியை அணைத்து எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கை வையுங்கள். ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலக்கூடும் என்பதால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுவது நல்லது. முதலில் காய்ந்த இலைகளையும் எலி சேர்த்த குப்பையையும் அள்ளுங்கள். சூடான எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகே அவை தீப்பிடிக்கக்கூடும். வெறும் துணிக்கு எண்ணெய்ப் பிசுக்கு போகாதுதான். அதற்கு டீகிரீஸரைப் பிரஷில் தொட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் வேண்டவே வேண்டாம்: தீ அபாயம் ஒருபக்கம், ரப்பர் ஹோஸ்கள் ஊதிக் கெடுவது மறுபக்கம். பளபளப்புக்கான ஸ்ப்ரே பெல்ட்டில் பட்டால் அது வழுக்கும். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயர் மின்னழுத்தம் உள்ளவை. அவற்றை நீங்கள் தொடாதீர்கள்.