கரி களமும் நான்கு பாயிண்ட் காற்றும்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, கவிதை வராத நான் என்ன எழுதுவது என்று விழித்தேன். பிறகு, போன மாதம் ஒரு சனிக்கிழமை பார்த்துவிட்டு வந்த இடத்தைப் பற்றியே எழுதலாமே என்று தோன்றியது. இயந்திரவியல் இரண்டாமாண்டு படிக்கும் எனக்கு அது வகுப்பில் நடக்காத ஒரு பாடம்.

கோவைக்குத் தெற்கே, போத்தனூர் தாண்டி, செட்டிபாளையத்தில் இருக்கிறது கரி மோட்டார் ஸ்பீட்வே. முழுப் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. "ரேஸ் டிராக்" என்றால் கண்டக்டர் டிக்கெட் கிழித்துத் தருகிறார். எங்கள் அப்பா பவுண்டரியில் மோல்டர். போகிறேன் என்றதும், "அது பணக்காரங்க வெளையாட்டு கண்ணு, அங்க போயி நமக்கு என்ன ஆகோணும்?" என்றார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். நான் ஒரு சனிக்கிழமையை வீணாக்கினாலும் அவருக்கு மனசு கேட்காது. அவரிடம் பதில் சொல்லாமல்தான் கிளம்பினேன்.

அங்கே ஒரு பந்தயக் குழுவில் வேலை செய்யும் நம் பழைய மாணவர் ஒருவர் உள்ளே கூட்டிப் போனார். நேர்ப்பாதையில் நின்று பார்த்ததும், இது காருக்காகப் பிறந்த இடம் இல்லையோ என்று பட்டது. கேட்டால், உண்மைதான்! இலகுரக விமானங்களுக்கு என்று போட்ட ஓடுதளம் இது. பிறகு வளைவுகள் சேர்த்து, 2.1 கிலோமீட்டர் களமாக்கி 2003-இல் திறந்திருக்கிறார்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளத்தில்தான் பல்லாண்டுகள் பந்தயம் நடந்தது. இருங்காட்டுக்கோட்டையில் தனிக்களம் வந்தது 1990-இல். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானத்தளமே. விமானம் இறங்க நீளமும் மட்டமும் கெட்டியும் வேண்டும். கார் பறப்பதற்கும் அதேதான் வேண்டும் போலிருக்கிறது!

'கரி' என்பது எஸ். கரிவரதன். 1954-இல் பிறந்த கோவைக்காரர், பஞ்சாலைக் குடும்பம். அவர் பந்தயம் ஓட்டி ஜெயித்ததை விட, கார் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மாருதி 800-இன் 796 சி.சி., மூன்று சிலிண்டர் இன்ஜினை எடுத்து, அதற்கேற்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை இங்கேயே செய்தார். 1988-இல் 'ஃபார்முலா மாருதி' பிறந்தது. தெருமுனை ஒர்க்ஷாப்பில் பிரிக்கிற அதே இன்ஜின்தான் பந்தயத்திலும்! வெளிநாட்டிலிருந்து கார் தருவிக்க வழியில்லாதவரும் ஓட்ட முடிந்தது. நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதியில் ஓட்டத் தொடங்கி, 2005-இல் ஃபார்முலா 1-இல் ஓடிய முதல் இந்தியரானார். அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995-இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். விமானம் ஓட இருந்த தளத்துக்கு அவர் பெயர் வந்து சேர்ந்திருப்பதை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அன்று பயிற்சிக்கு வந்திருந்தவை எல்.ஜி.பி. ஃபார்முலா 4 கார்கள். அவையும் கரிவரதன் வழிதான். ஓட்டுபவர் முதுகுக்குப் பின்னால் ஸ்விஃப்ட் காரின் 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். எல்.ஜி.பி. என்றால் வேறு யாரோ இல்லை, நம் வீட்டு பைக்கில் ரோலான் செயின் இருக்குமே, அந்தக் கோவைக் கம்பெனிதான்.

பிட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க மெக்கானிக் ஒருவர் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். 22 பாயிண்ட் வைத்தார். "இத்தன கம்மியா வெச்சா ஓடுமாங்கண்ணா?" என்று கேட்டேன். "ஓடிட்டு வரட்டும் தம்பி, 26 காட்டும். அந்த 26-ல தான் டயரு நல்லாப் புடிக்கும்" என்றார்.

எனக்குள் இருந்த டிப்ளமோ தலைதூக்கியது. கன அளவு மாறாவிட்டால் அழுத்தமும் வெப்பநிலையும் ஒரே விகிதத்தில் கூடும், முதலாமாண்டிலேயே படித்தோமே! காலையில் 27 டிகிரி. ஓடி வந்த டயரில் ஊசி குத்திச் சூடு பார்ப்பார்கள், சுமார் 60 டிகிரி இருக்கும் என்றார். உள்ளே காற்றும் ஏறக்குறைய அதே சூடு என்று வைத்துக்கொண்டேன். கெல்வினில் 300, 333. உள்ளங்கையில் பேனாவால் 22-ஐ 333-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தேன். 24.4 வந்தது. "26 வராதுங்கண்ணா, 24 தான் வரும்" என்று சொல்லியும் விட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

கார் பத்து சுற்று போய் வந்தது. சூடு 60. கேஜை என் கையிலேயே கொடுத்து, "நீயே புடி" என்றார். முள் 26-இல் நின்றது.

நண்பர்களே, காது சுட்டது. புத்தகம் பொய்யா, கேஜ் பொய்யா? திரும்பி வரும் பஸ்ஸில் போத்தனூர் ரயில்வே கேட்டுக்கு முன்னால்தான் உறைத்தது. கேஜ் காட்டுவது வெளிக்காற்றைக் காட்டிலும் எவ்வளவு அதிகம் என்பதை மட்டுமே. விதிக்கு வேண்டியது முழு அழுத்தம். 22-உடன் வளிமண்டலத்தின் 14.7-ஐச் சேர்த்தால் 36.7. அதை 333-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தால் 40.7. மறுபடி 14.7 கழித்தால் சரியாக 26! புத்தகம் சரி, கேஜ் சரி, அவர் சரி. நடுவில் நான்தான். தேர்வில் இந்த 14.7-க்கு ஒரு மார்க் போகும். அங்கே ஒரு கார் வளைவில் வழுக்கியிருக்கும்.

இரவு அப்பாவிடம் எல்லாம் சொன்னேன், என் தப்பையும் சேர்த்து. சாப்பிட்டுக்கொண்டே கேட்டவர், "22 வெச்சா 26 ஆகும்னு அந்தாளுக்குத் தெரியுதில்ல, அப்பறம் எதுக்குக் கணக்கு?" என்றார். நான் இன்னொரு முறை போட்டுக் காட்டினேன். மார்கழிக் காலையில் 20 டிகிரிதான் என்றால் அதே 26-க்கு 22 வைக்கக் கூடாது, 21 போதும்.

அப்பா கை கழுவிவிட்டு வந்தார். உருகிய இரும்பின் நிறத்தைப் பார்த்தே ஊற்றலாமா கூடாதா என்று சொல்கிறவர் அவர். "அதுவும் அந்தாளுக்குத் தெரிஞ்சிருக்கும் கண்ணு. எதுக்கும் போயி ஒருக்காக் கேட்டுப் பாரு" என்றார்.

அடுத்த பயிற்சி நாளுக்குப் பஸ் காசு சட்டைப்பையில் இருக்கிறது. அவரே தந்தது.