பழைய வட்டை அழிக்க அவசரம் வேண்டாம்

சி ரூசா, போர்ட்டிக்சன்

அன்பு மகளுக்கு,

மடிக்கணினியின் திடநிலை வட்டை, அதாவது எஸ்.எஸ்.டி.யை, புதியதற்கு மாற்றும்போது செய்யப்படும் குளோனிங் என்பது கோப்புகளை மட்டும் நகலெடுப்பதன்று. கணினியைத் தொடக்கிவைக்கும் சிறு பகுதி, விண்டோஸும் கோப்புகளும் இருக்கும் பெரும்பகுதி, பழுது நேர்ந்தால் மீட்கும் பகுதி ஆகிய எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடியே புதிய வட்டில் எழுதுவதாகும். எழுதப்படும் வட்டில் முன்பு இருந்தவை அழிந்துபோகும் என்பதால், மூல வட்டு எது, இலக்கு வட்டு எது என்பதில் கைதவறினால் மகளின் ஆய்வேடும் பாட்டியின் தாலாட்டுப் பதிவுகளும் போய்விடும். திடநிலை வட்டில் அழிந்ததை மீட்பது பழைய சுழல்வட்டில் மீட்பதைக் காட்டிலும் மிகக் கடினம். இந்த வேலையைச் சனிக்கிழமை ஒரே மூச்சில் முடித்துவிடப்போவதாக மகள் சொன்னதிலிருந்து இந்தப் பெரியப்பாவுக்கு மனம் நிலைகொள்ளவில்லை.

புதிய வட்டு வாங்குமுன் அதன் வகையை அறிவது முதல் வேலை. எம்.2 2280 என்னும் வட்டு 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உடைய மெல்லிய பட்டை. ஆனால் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும் பட்டைகளில் சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு என்பதால், மடிக்கணினியும், குளோனிங்கின்போது புதிய வட்டை வெளியிலிருந்து இணைக்கும் யுஎஸ்பி உறையும் எதை ஏற்கும் என்று பார்த்தே வாங்க வேண்டும். பழையது 256 ஜிபி என்றால் புதியதை 1 டிபியாக வாங்குவது, திரையில் இரண்டையும் பிரித்தறியவும் உதவும். அடுத்து, வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்னும் குறியாக்கம் இயங்குகிறதா என்று பார்த்து, ஆறாறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள் கொண்ட அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிவைத்து, குளோனிங்குக்கு முன் குறியாக்கத்தை நீக்கிவிடுவது நன்று. பழைய வட்டு ஏற்கெனவே பிழை காட்டினால், கோப்புகளை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். முழு வட்டையும் படிக்கும் நீண்ட வேலையே அதற்குக் கடைசி அடியாகிவிடக்கூடும்.

இனி, வழிகள் இரண்டு, தேர்வு மகளுடையதே. நேரடியாகக் குளோன் செய்யலாம். அல்லது முக்கியக் கோப்புகளை வெளி வட்டொன்றில் சேமித்து, அவற்றுள் நாலைந்தைத் திறந்து சரிபார்த்தபின் குளோன் செய்யலாம். முதல் வழியில் மிச்சமாவது சில மணி நேரம். இரண்டாம் வழியில் மிச்சமாவது மூன்றாண்டு உழைப்பு.

ஒரே படியை நம்பியவர் பட்ட பாடு இக்குடும்பம் அறியாததன்று. மலேசியாவில் 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதோர் வேலை பெர்மிட் பெற வேண்டியிருந்தபோது, குடியுரிமைத் தாளில்லாத தோட்டத் தமிழர் பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். தாத்தாவின் தகரப் பெட்டியில் இருந்த பத்திரங்களுக்கு நகல் எடுத்துவைக்குமாறு பெரியப்பா எத்தனை முறை மன்றாடியும் எவரும் செவிசாய்க்கவில்லை. அவற்றைக் கறையான் அரித்தபின் பெரிய அத்தை கடைசிவரை குடியுரிமையின்றிச் சிவப்பு அடையாள அட்டையோடுதான் இருந்தார். அன்று தோட்ட எழுத்தரான கிராணியிடம் நாலு தாள் நகல் கேட்கக் கூச்சப்பட்ட வீடு, இன்று வெளி வட்டுக்குச் செலவு பார்ப்பது தகாது.

குளோனிங் ஓடும்போது பேட்டரி நிறைந்திருக்க, சார்ஜரும் இணைந்திருக்க வேண்டும். மாலையில் இடிமழை பிடிக்கும் நேரத்தைத் தவிர்த்துக் காலையில் தொடங்குவது நல்லது. முடிந்ததும் கணினியை முழுதாக அணைத்து, சார்ஜரையும் பேட்டரி இணைப்பையும் கழற்றியபின், பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் பொருத்தி, பேட்டரியை மீண்டும் இணைத்து இயக்க வேண்டும். இரண்டும் ஒருசேர இணைந்திருந்தால் அடையாளம் ஒன்றாயிருப்பதால் விண்டோஸ் குழம்பக்கூடும். பின்னர் குறியாக்கத்தை மீண்டும் இயக்கலாம். ஒரு மாதமாவது பழைய வட்டை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். எனினும் மின்சாரமின்றிக் கிடக்கும் திடநிலை வட்டு நாளடைவில் தரவை இழக்கக்கூடும் ஆதலால், அதையே நிரந்தரக் காப்பகமாகக் கொள்ளலாகாது.

கண்டிப்பு மிகுந்துவிட்டதென்றால் மகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இக்குடும்பத்தில் முதன்முதலாக முதுகலை ஆய்வு செய்யும் பிள்ளை. அவளுடைய கெட்டிக்காரத்தனத்தில் பெரியப்பாவுக்கு எள்ளளவும் ஐயமில்லை, பெருமை மட்டுமே உண்டு. எந்த வழியைத் தேர்ந்தாலும் அது சரியாகவே இருக்கும். வெளி வட்டுக்கான பணத்தைப் பெரியம்மா இன்றே அனுப்பிவிட்டார். திருப்பித் தரும் பேச்சே வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு, வேலை முடிந்ததும் ஒரு போன் செய்தால் போதும்.

என்றும் அன்புடன்,
பெரியப்பா