கோடையில் சலூன், பார்லர்களில் தீப் பாதுகாப்பு: ஆஸ்டின் டவுன்

மார்ச் முதல் மே வரை பெங்களூர் ஆஸ்டின் டவுன் சலூன்களிலும் பியூட்டி பார்லர்களிலும் தீ அபாயம் கூடும். முகூர்த்த நாட்களை எதிர்பார்த்துச் சரக்கு நிறைய வாங்கி வைக்கப்படும். ஏசிக்காகக் கண்ணாடிக் கதவு சாத்தியே இருக்கும். இடையிடையே கரண்ட் போகும். பெங்களூரில் 2016 ஏப்ரலில் வெப்பம் 39.2 டிகிரியைத் தொட்டது. தீப்பிடிக்க அவ்வளவு வெயிலும் வேண்டியதில்லை. நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோன், பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 20 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுக்கு 12 டிகிரி போதும். கோடையில் இந்த ஆவி வேகமாகக் கிளம்பி, சாத்திய அறையிலேயே தங்கிவிடுகிறது.

அசிட்டோன் ஆவி காற்றைவிட இரு மடங்கு கனம். மேசையிலிருந்து வழிந்து தரையோடு பரவும். ஆகவே புட்டி திறந்த இடம் ஒன்றாகவும், தீப்பிடிக்கும் இடம் வேறாகவும் இருக்கலாம். சாமி படத்துக்கு முன் எரியும் விளக்கும் ஊதுபத்தியும் இந்தக் கணக்கில் சேரும்; மின்விளக்குக்கு மாறினால் பக்தி குறைந்துவிடாது. கரண்ட் போனதும் மெழுகுவத்தி ஏற்றும் பழக்கத்தையும் விட வேண்டும். ஹேர் ட்ரையரின் பின்பக்க வலைக்குள் பார்த்தால் சிலவற்றில் மோட்டாரின் நீலப் பொறி தெரியும். அந்த வலையில் முடி அடைத்தால் உள்ளே சூடேறிக் கருகும். வாரம் ஒரு முறையாவது சுத்தம் செய்ய வேண்டும். நகப் பூச்சு மேசை, ட்ரையரிலிருந்து தள்ளியும் காற்றோட்டமாகவும் இருப்பது நல்லது. ரிமூவர் நனைத்த பஞ்சு, மூடியுள்ள இரும்பு டப்பாவுக்குள் போக வேண்டும்.

பெரும்பாலான ஹேர் ஸ்பிரேக்களை வெளியே தள்ளுவது புரோப்பேன், பியூட்டேன். அதாவது சமையல் வாயுவின் உறவுகள். 50 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது என்று டின்னிலேயே அச்சிட்டிருக்கும். மத்தியான வெயில் விழும் ஷோகேஸிலும் ஸ்கூட்டர் டிக்கியிலும் இவற்றை வைக்கக் கூடாது. கடையில் ஒரு வாரத் தேவை மட்டும் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடும் பிளீச் பவுடரும் தாமாக எரியாவிட்டாலும் தீயை வளர்ப்பவை. அவற்றுக்குத் தனி அலமாரி வேண்டும்.

தலையில் ரசாயனம் தடவித் தீ வைக்கும் ‘ஃபயர் கட்’டை அறவே தவிர்க்க வேண்டும். 2022 அக்டோபரில் குஜராத்தின் வாபியில் ஓர் இளைஞர் இதனால் பலத்த தீக்காயம் அடைந்தார்.

வெளியேறும் வழிதான் இங்கே பெரிய குறை. முன்னால் ஒரே ஷட்டர், பின்னால் வாக்ஸிங் தடுப்பறை, இடையில் நாற்காலி வரிசை என்பதே பல கடைகளின் அமைப்பு. 2010 பிப்ரவரி 23 அன்று பெங்களூர் பழைய விமான நிலையச் சாலையின் கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் தீப்பிடித்துப் புகை சூழ, 9 பேர் இறந்தனர். சன்னல் வழியே குதித்தவர்களும் உண்டு. பின்னறையிலிருந்து வாசல்வரை தடையற்ற பாதை இருக்க வேண்டும். சரக்குப் பெட்டிகளும் வாக்ஸ் ஹீட்டரும் ரிமூவரும் அந்தப் பாதையில் கூடாது. ஏபிசி பவுடர் தீயணைப்பானை வாசலருகே மாட்டி, முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதந்தோறும் பார்க்க வேண்டும். உடையில் தீப்பிடித்தால் ஓட விடாமல் படுக்க வைத்து உருட்ட வேண்டும். அணைந்தபின் காயத்தின் மேல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓட வேண்டும். பேஸ்ட், ஐஸ் கூடாது. உடனடி உதவிக்கு 112 அல்லது 101.

கரண்ட் போனவுடன் ஸ்ட்ரெய்ட்னர், ட்ரையர், ஹீட்டர் பிளக்குகளைப் பிடுங்கிவிட வேண்டும். கரண்ட் திரும்பி வரும்போது கடை பூட்டியிருக்கலாம். எண்ணெய் படிந்த டவல்களை, குறிப்பாகத் துணி ட்ரையரிலிருந்து எடுத்த சூட்டோடு, குவித்து வைத்துவிட்டு ஷட்டரை இறக்கக் கூடாது.