பட்டதாரிக்குப் பட்டாளத்தில் எந்த வாசல்?

"பட்டாளத்துக்குப் போறவனுக்கு எதுக்குப் பி.காம்.?" நம் ஊர்களில் இன்றும் காதில் விழும் கேள்வி இது. ராணுவம் என்றதும் மைதானத்தில் ஓடி, மார்பளவு காட்டி, ஜவானாகச் சேரும் காட்சிதான் பல வீடுகளில் நினைவுக்கு வருகிறது. அக்னிவீரர்களை எடுக்கும் ஆள்சேர்ப்பு முகாம் ஒரு வழி. பட்டதாரியை லெப்டினன்ட்டாக எடுக்கும் வழி முற்றிலும் வேறு. யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள்) எழுத்துத் தேர்வு, பிறகு ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. (பணித் தேர்வு வாரியத்தின் ஆளுமைத் தேர்வு), மருத்துவப் பரிசோதனை, தகுதிப் பட்டியல், பயிற்சி. கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம்.

இந்தப் பயிற்சி நடக்கும் இடங்களில் ஒன்று சென்னைப் பரங்கிமலையில்தான் இருக்கிறது. 1963இல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சி அகாதமி, சுருக்கமாக ஓ.டி.ஏ. அதன் அணிவகுப்பு மைதானம் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அறிவியல் பட்டம் பெற்று, இங்கே பயிற்சி முடித்து 1972இல் அதிகாரியானவர். 1987இல் இலங்கையில் உயிரிழந்து பரம்வீர் சக்ரா பெற்றவர். 'அமரன்' படத்தால் வீட்டுக்கு வீடு தெரிந்துவிட்ட மேஜர் முகுந்த் வரதராஜனும் இதே அகாதமியிலிருந்து புறப்பட்டவர்தான். அவர் படித்தது வணிகவியல். கூடவே இதழியலில் டிப்ளோமா. ஆக, அந்தப் பி.காம். கேள்விக்கான பதில் பரங்கிமலையிலேயே இருக்கிறது.

"இன்ஜினீயரிங் வேணும், கணக்குல புலியா இருக்கணும்" என்பது அடுத்த வதந்தி. டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாதமியான ஐ.எம்.ஏ.வுக்கு எழுதுகிறவர்களுக்குக் கணிதத் தாள் உண்டு. அதுவும் பத்தாம் வகுப்புத் தரம்தான். ஓ.டி.ஏ.வுக்கு எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலம், பொது அறிவு என்ற இரண்டு தாள்களே. கணிதமே கிடையாது. தமிழ் இலக்கியம் படித்தவரும் வரலாறு படித்தவரும் தாராளமாக எழுதலாம். பொறியியல் பட்டதாரிகளுக்கு எழுத்துத் தேர்வே இல்லாமல், மதிப்பெண் பார்த்து நேரே எஸ்.எஸ்.பி.க்கு அழைக்கும் தனி வழி இருக்கிறது. என்.சி.சி.யில் 'சி' சான்றிதழ் வாங்கியவர்களுக்கும் அப்படித்தான்: அதில் குறைந்தது 'பி' கிரேடு, பட்டப்படிப்பில் 50 சதவீதம் இருந்தால் போதும். கல்லூரியில் மூன்று ஆண்டு காக்கி உடுத்தி, விடியற்காலை அணிவகுப்புக்கு ஓடிவிட்டு, அந்தச் சான்றிதழை பீரோவுக்குள் பூட்டி வைத்திருக்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

மொழி பற்றிய பயமும் பெரியது. இந்தி தெரியாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள் என்கிறார்கள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் வருகிறது. தேர்வுக்கு இந்தி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் கட்டாயம் வேண்டும், அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. ஆனால் கான்வென்ட் உச்சரிப்பை யாரும் எதிர்பார்ப்பதில்லை. நினைப்பதைத் தயங்காமல், தெளிவாகச் சொல்லத் தெரிந்தால் போதும்.

எஸ்.எஸ்.பி.யைப் பற்றித்தான் அதிகமான கட்டுக்கதைகள். உடம்பு முறுக்கேறி இருக்க வேண்டும், சத்தம் போட்டுப் பேசுகிறவனே ஜெயிப்பான், பதில்களை மனப்பாடம் செய்துவிட்டால் தேறிவிடலாம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். உள்ளே நடப்பது வேறு. முதல் நாளே ஒரு வடிகட்டல்: மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டி, நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்லி, அதைக் குழுவாக உட்கார்ந்து விவாதிக்க வைப்பார்கள். அங்கேயே கணிசமானவர்கள் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்களை மூன்று பேர் மதிப்பிடுகிறார்கள். எழுதியதைப் படிக்கும் உளவியலாளர், மைதானத்தில் கவனிக்கும் அதிகாரி, நேர்காணல் நடத்தும் அதிகாரி. அவரவர் முடிவைத் தனித்தனியாகவே எடுக்கிறார்கள். மனம், சொல், செயல் மூன்றும் ஒரே ஆளைக் காட்டுகின்றனவா என்பதுதான் அவர்கள் பார்ப்பது.

உளவியல் தேர்வில் 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி. திரையில் 'தோல்வி' என்று பொருள்படும் சொல் வருகிறது என்று வையுங்கள். பயிற்சி மையத்தில் தேறிவந்தவர், தோல்வியே வெற்றிக்கு முதல் படி என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார். அதே வாக்கியத்தை அந்த உளவியலாளர் எத்தனை பேர் கையெழுத்தில் படித்திருப்பார்! அதில் எழுதியவர் எங்கே இருக்கிறார்? 'தோற்ற கையோடு அணியின் தடுப்பாட்டத்தை மாற்றினோம்' என்று தன் அனுபவத்திலிருந்து எழுதுகிறவர், ஒரே வரியில் தன்னைக் காட்டிவிடுகிறார். மைதானத்திலும் இதே கதைதான். ஒரு பலகை, ஒரு கட்டை, ஒரு கயிறு, கூடவே தூக்கிச் செல்ல ஒரு சுமை. சிவப்பு வண்ணம் பூசிய இடத்தைத் தொடக் கூடாது. குழு முழுவதும் மறுபக்கம் போய்ச் சேர வேண்டும். உரக்கக் கட்டளையிடுகிறவரைவிட, பலகை ஆடாமல் பிடித்துக்கொண்டு, "நீ முதல்ல போ, நான் பிடிச்சுக்கிறேன்" என்று வழிகாட்டுகிறவர் அதிகாரியின் கண்ணில் படுகிறார். ஒருமுறை தவறினால் கதை முடிந்தது என்பதும் பொய். வயது இருக்கும்வரை திரும்பத் திரும்ப வரலாம்.

பெண்களுக்கு மருத்துவப் பிரிவு மட்டும்தான் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1992 முதலே பரங்கிமலையில் பெண் அதிகாரிகள் பயிற்சி பெறுகிறார்கள். ஓய்வு வயதுவரை அதிகாரியாக நீடிக்கும் நிரந்தர கமிஷன் பெறும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதிசெய்தது. 2023இல் பீரங்கிப் படைக்கும் பெண்கள் போனார்கள். அவர்கள் பயிற்சி முடித்ததும் இதே சென்னையில்தான்.

"பத்து வருஷத்துல வெளியே அனுப்பிடுவாங்க, பென்ஷனும் இல்லை" என்பதில் பாதி உண்மை. ஓ.டி.ஏ. தருவது குறுகிய காலக் கமிஷன்: பத்து ஆண்டுப் பணி, விரும்பினால் மேலும் நான்கு. பத்தாம் ஆண்டில் நிரந்தர கமிஷனுக்குக் கேட்கலாம், எல்லோருக்கும் கிடைக்காது. 14 ஆண்டில் வெளியே வந்தால் பணிக்கொடை உண்டு, ஓய்வூதியம் இல்லை. இதைப் பெற்றோர் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் அந்த ஆண்டுகளில் கிடைப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. அதிகாரியானதும் அடிப்படைச் சம்பளம் அதே 56,100இல் தொடங்குகிறது. அதற்குமேல் ராணுவப் பணிக்கான 15,500, அகவிலைப்படி. ஓ.டி.ஏ. பயிற்சி முடித்தவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை டிப்ளோமாவும் உண்டு. பிறகு சிவில் சர்வீஸ் எழுத நினைத்தால், ஐந்து ஆண்டு பணி முடித்த அதிகாரிகளுக்கு அதில் வயதுச் சலுகை இருக்கிறது.

வயதுச் சலுகை அங்கேதான். உள்ளே நுழையும் வழியில் இல்லை. சி.டி.எஸ். வழியில் ஐ.எம்.ஏ.வுக்கு 24, ஓ.டி.ஏ.வுக்கு 25. அதைத் தாண்டினால் எந்தப் பிரிவினருக்கும் தளர்வு கிடையாது. 21 வயதில் பட்டம் வாங்கியவருக்கு மிச்சம் இருப்பது நான்கே ஆண்டு. அதில் இரண்டை "யாராவது சிபாரிசு பண்ணணுமாம்" என்று ஆள் தேடியே கழித்துவிடுகிறார்கள். இந்தச் சந்தில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். சி.டி.எஸ். விண்ணப்பக் கட்டணம் 200 ரூபாய். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் அதுவும் இல்லை. எஸ்.எஸ்.பி.க்கு முதல்முறை போகிறவர்களுக்கு ரயில் கட்டணத்தையும் திருப்பித் தந்துவிடுகிறார்கள். இதற்குமேல் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி யார் ஒரு ரூபாய் கேட்டாலும் அது மோசடி. அவர் பெயரைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.