குட்டிக்கரணம் போடலாமா? முதலில் கழுத்தைக் காட்டுங்கள்



"பேச்சு தெளிவா வரலை, நடையும் தள்ளாடுது. இந்தப் புள்ளைக்கு விளையாட்டு எதுக்குங்க?" என்று மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் சிலர் கேட்பதுண்டு. அப்படிச் சொல்லிப் பிள்ளையைத் திண்ணையில் முடக்கிவிடாதீர்கள்.

காது கேளாத நம் மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா, 2022-ல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் இறகுப்பந்தில் 3 தங்கம் வென்றார். 1904-ல் அமெரிக்காவில் நடந்த ஒலிம்பிக்கில், மரக்கால் பொருத்திய ஜார்ஜ் ஐசர் ஜிம்னாஸ்டிக்ஸ் என்னும் சீருடற்பயிற்சியில் ஒரே நாளில் 6 பதக்கம் பெற்றார். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1968-ல் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸிலும் இப்பயிற்சி உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளும் அதில் கலந்து கொள்கிறார்கள்.

டவுன் சிண்ட்ரோம் என்பது என்ன?

நம் உடம்பின் செல்களில் 46 குரோமோசோம்கள் உண்டு. இப்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 47 இருக்கும். இது தாய் செய்த குற்றமும் அல்ல, தந்தை செய்த குற்றமும் அல்ல. கிரகண தோஷமும் அல்ல. மருமகளை ஏசிப் பயனில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

இவர்களுக்குத் தசை தளர்ந்தும் மூட்டு நெகிழ்ந்தும் இருக்கும். ஆகவே பயிற்சி அவசியம். வாசலில் கோலமாவால் நேர்கோடு போடுங்கள். கைகளை விரித்து அதன்மேல் நடக்கட்டும். பந்தை உருட்டிப் பிடிக்கட்டும். முதலில் தகப்பனார் ஒரு கையும் தாயார் ஒரு கையும் பிடித்துக் கொள்ளுங்கள்.

எச்சரிக்கை!

இவர்களில் சிலருக்குக் கழுத்தெலும்பின் மேல் இரண்டு கணுக்கள் சேருமிடம் தளர்ந்திருக்கும். கழுத்து வேகமாக மடங்கினால் தண்டுவடம் நசுங்கலாம். ஆகவே டாக்டர் சோதித்துச் சம்மதிக்கும்வரை குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது, கிணற்றில் தலைகுப்புறக் குதிப்பது வேண்டாம்.

கழுத்து வலி, தலை ஒருபக்கம் சாய்தல், நடை மாறுதல், கை கால் பலம் குறைதல், சிறுநீர் மலம் கட்டுப்படாமை — இவற்றில் ஒன்று புதிதாகத் தோன்றினாலும் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். "நாளைக்குப் பாக்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள்.

யாரிடம் கேட்பது?

முதலில் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். மேல் பரிசோதனைக்கு அவர்கள் வழிகாட்டுவார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் உதவிகளுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். டாக்டர் சொல்வதை இருவரும் கேட்டால்தான், வீட்டில் பயிற்சி ஒருவர் தலையில் மட்டும் விழாது.

கழுத்தைக் காட்டுவோம்! பிள்ளையை விளையாட விடுவோம்!